ஐந்து லட்சத்துக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்

என் பெயரையும் வீட்டுக் கதவு எண்ணையும் காவல் நிலைய எழுத்தர் கேட்டு இந்தத் தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்து மூன்று. தொழில் வீல் அலைன்மெண்ட், அதாவது கார் சக்கரங்களை நேர்ப்படுத்துவது. புறவழிச்சாலையில் டயர் கடையை ஒட்டி, காரைத் தூக்கிப் பார்க்க இரண்டு லிஃப்ட் போட்ட பட்டறை என்னுடையது. பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் கணவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறார், இந்தச் சம்பவத்தில் அவருக்குச் சம்பந்தமில்லை. பட்டறையில் என்னுடன் வேலை செய்பவள் அவருடைய தங்கை, என் நாத்தனார், வயது இருபத்தொன்பது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சக்கரத்தின் அளவுகளைச் சொல்வது அவள் வேலை. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். இங்கேயும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இன்று காலை மலைச்சாலை அடிவாரத்தில் ஒரு காரை வழிமறித்து, சாவியைப் பிடுங்கி எறிந்தேன் என்பது என் மீது புகார். அது உண்மை. ஏன் செய்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். வேகமாகப் பேசுகிறேன் என்று எழுத்தர் இரண்டு முறை நிறுத்தினார். படபடப்பு இன்னும் அடங்கவில்லை, வேறு காரணமில்லை.

நேற்று மாலை நான்கு மணி அளவில் முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு போன் செய்தார். தன் அப்பா நாளைக் காலை பழைய கார் ஒன்றை அலைன்மெண்டுக்குக் கொண்டுவருவார் என்றும், அவர் ஓய்வுபெற்ற நில அளவையர் என்றும், வண்டிக்கு வயது இருபத்திரண்டு என்றும் சொன்னார். அதன் பிறகு, "அக்கா, வண்டி இனி தேறாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் சொன்னா எரிஞ்சு விழறார். உங்கள மாதிரி ஒருத்தர் சொன்னா கேப்பார்" என்றார். வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டேன். ஒரு கோளாறும் தெரியவில்லை, ஆனால் இவ்வளவு ஓடின வண்டியை இனி நம்ப முடியாது, அதில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகப்போகிறார் என்றார். வண்டியைப் பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை, நல்ல வண்டியைக் கெட்ட வண்டி என்று சொல்ல என்னிடம் மெஷின் கிடையாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இன்று காலை எட்டே முக்காலுக்கு அந்த வண்டி வந்தது. சந்தன நிறம், பெயிண்ட் எங்கும் உரியவில்லை, உள்ளே சீட் துணிகூடக் கிழியவில்லை. ஓட்டி வந்தவர் அளவையர். பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் அவர்கள் மகள், மகளின் இரண்டு பெண் குழந்தைகள். பெரியதற்கு ஆறு வயது, சின்னதற்கு நான்கு இருக்கும். இறங்கும்போதே குழந்தைகள் இரண்டும் "அஞ்சு லட்சம், அஞ்சு லட்சம்" என்று குதித்தன. மீட்டரை எட்டிப் பார்த்தேன், நான்கு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. என் லிஃப்டில் அப்படி ஒரு வண்டி ஏறியதே இல்லை. எனக்கும் குதிக்கலாம் போல இருந்தது. ரேடியோ உடனே மீட்டரைப் படம் எடுத்தாள்.

மலை மேலே இருக்கும் காட்சிமேடை என் பட்டறையிலிருந்து சரியாக முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்று அளவையர் சொன்னார். போன வாரமே வரைபடத்தில் அளந்து, அதற்கேற்றபடி வண்டியை வீட்டில் நிறுத்திவைத்திருந்தாராம். மேடையில் ஏறி நிற்கும்போது மீட்டரில் ஐந்து லட்சம் விழ வேண்டும், அதைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டும். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் வழில நின்னதில்லம்மா" என்று ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். எஞ்சின் ஆயில், பில்டர், பெல்ட், பிளக் எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார், கையெழுத்து அச்சு மாதிரி. நான் புரட்டிப் பார்த்தேன். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. கேட்டதற்கு, அதில் சத்தம் எதுவும் வந்ததில்லையே என்றார். இப்போது வந்தது ஸ்டியரிங் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது என்பதற்காக மட்டும்.

அதன் பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். நான்கு சக்கரமும் தொங்கும்போது, முன்பக்க இடது சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். டக், டக் என்று கைக்குத் தெரிந்தது. கீழே குனிந்து விளக்கடித்துப் பார்த்தேன். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு, நம் இடுப்பில் தொடை எலும்பு உட்கார்ந்திருப்பது மாதிரி. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் கரைசல் மாதிரி துருத்தண்ணீர் இருந்தது. கம்பியைக் கொடுத்து நெம்பினேன், சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் வழிந்திருந்தது, ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. எஞ்சினை மட்டும் பார்த்தால் இன்னும் ஒரு லட்சம் ஓடும். அது நிற்கும் கால்கள்தான் போய்விட்டன.

நான் அளவையரை லிஃப்டின் கீழே அழைத்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். இந்த நிலையில் அலைன்மெண்ட் செய்ய முடியாது, வண்டி மலை ஏறவே கூடாது, உதிரி வர இரண்டு மணி நேரம் ஆகும், மத்தியானம் போகலாம் என்றேன். அவர் முகம் வாடியதே தவிரக் கோபப்படவில்லை. என்ன செய்யலாம் என்று மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்போது அவருடைய மனைவி, "நேத்து தம்பி இவங்ககிட்டதான் பேசினேன்னு சொன்னான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

அளவையர் என்னைப் பார்த்து, "என் பையன் உங்களுக்கு போன் பண்ணினானா?" என்று கேட்டார். பண்ணினார் என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டார். வண்டி தேறாது என்று பொய் சொல்லச் சொன்னார், முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "அவன் சொல்லச் சொன்னதத்தானேம்மா இப்ப சொல்லிட்டிருக்கீங்க?" என்றார்.  

வண்டியை இறக்குங்கள் என்றார். நான் இறக்கினேன். அதற்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பொத்தான் என் கையில்தான் இருந்தது. வேலை அட்டையில் 'என் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்கிறேன்' என்று எழுதி, கையெழுத்தும் போன் நம்பரும் போட்டுவிட்டு, ஒன்பது இருபத்தைந்துக்குப் புறப்பட்டுப் போனார். குழந்தைகள் கை காட்டிக்கொண்டே போயின.

அதன் பிறகு ரேடியோ லிஃப்டின் அடியைக் கூட்டினாள். கூட்டியவள், "அண்ணி, இது என்ன?" என்று எதையோ எடுத்து நீட்டினாள். பால் ஜாயிண்டை அதன் குழியில் கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் லாக் ரிங்கின் பாதி. உடைந்த இடம் பளபளவென்று புதிதாக இருந்தது. கீழே விழுந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் நெம்பியபோதுதான் அது உடைந்து விழுந்திருக்க வேண்டும் என்று உடனே தெரிந்தது. அப்படியானால் அந்த வண்டி என் பட்டறைக்குள் வந்ததைவிட மோசமான நிலையில் வெளியே போயிருக்கிறது, அந்தச் சக்கரத்தை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது துரு மட்டும்தான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உடனே அவர் நம்பருக்கு மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் துண்டித்தார். ரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன், ரேடியோ ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள். பட்டறையைப் பூட்டவில்லை. அடிவாரம் பதினான்கு கிலோமீட்டர். அதற்குள் பிடிக்க வேண்டும், அதைத் தாண்டினால் வளைவுகள்.

எவ்வளவு வேகத்தில் போனேன் என்று ஆய்வாளர் கேட்டார். ஸ்கூட்டரால் முடிந்த வேகத்தில் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கார் கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ரேடியோ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சந்தனக் கலர்... இல்ல, அது வேன்... சந்தனக் கலர்... இல்ல அண்ணி, அது மஞ்சள்" என்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆறாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது, முப்பது நாற்பது வண்டிகள் வரிசையில் நின்றன. வரிசையின் தலையில், கேட்டுக்கு முதலாவதாக, அந்தக் கார் நின்றது. எனக்கு உயிர் வந்தது.

ஸ்கூட்டரை ரேடியோவிடம் கொடுத்துவிட்டு வண்டிகளுக்கு இடையில் ஓடினேன். என் முழங்கை தட்டி ஒரு காரின் பக்கக் கண்ணாடி மடங்கியது, அந்தக் காரில் இருந்தவரிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். "சார், நில்லுங்க" என்று கத்தினேன், ரயில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் மூன்று வண்டி தூரம் இருக்கும்போது ரயிலின் கடைசிப் பெட்டி போய், கேட் தூக்கியது. அவர் போய்விட்டார்.

திரும்பினால், என் பின்னாலேயே வண்டிகளுக்குள் புகுந்து ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு ரேடியோ வந்து நிற்கிறாள். "ஏறுங்க அண்ணி" என்றாள். அவள் ஓட்டக் கற்று ஆறு வாரம்தான் ஆகிறது, பழகுநர் உரிமம் மட்டுமே வைத்திருக்கிறாள். மீதி எட்டு கிலோமீட்டரும் அவள்தான் ஓட்டினாள். ஓட்டச் சொன்னது நான், அதற்கான பொறுப்பும் என்னுடையது. நன்றாக ஓட்டினாள் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பின்னால் உட்கார்ந்தபடி நான் நேற்று வந்த நம்பருக்கு, அதாவது மகனுக்கு, போன் செய்தேன். உங்கள் அப்பா வண்டியின் சக்கரம் கழலப்போகிறது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டு, "போதும்க்கா, இவ்வளவு நடிக்க வேண்டாம், அப்பா பாவம்" என்றார். தகப்பனும் நம்பவில்லை, மகனும் நம்பவில்லை. நான் சொல்வது பொய் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். ரேடியோ ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பி, "யோவ், உடைஞ்ச ரிங்கு எங்க கையில இருக்குய்யா! உள்ள உன் அக்கா பொண்ணுங்க ரெண்டும் இருக்கு!" என்று கத்தினாள். நான் அவள் தலையைப் பிடித்துச் சாலையைப் பார்க்கத் திருப்பினேன்.  உடனே அவர், அம்மாவுக்கு போன் செய்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் அழைத்தபோது அம்மா தன் போனில்தான் மீட்டரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார் என்றும், அழைப்பைத் தள்ளிவிட்டார் என்றும் பிறகு தெரிந்தது.

மணல் லாரி ஒன்று மூன்று கிலோமீட்டருக்கு எங்களை முந்தவிடவில்லை. அதைத் தாண்டியதும் கார் தெரிந்தது. அவர் நாற்பத்தைந்துக்கு மேல் போகவே இல்லை, அவ்வளவு நிதானமாக ஓட்டுகிறவர். ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்க இடது சக்கரம் மேலே உள்பக்கமாகச் சாய்ந்து திரும்புவதைப் பின்னாலிருந்து என் கண்ணால் பார்த்தேன். ரேடியோ ஸ்கூட்டரைக் காருக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொண்டுபோனாள். ஜன்னலைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அளவையர் ஒரு முறை பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின் சீட்டில் குழந்தைகள் எங்களை அடையாளம் கண்டுகொண்டு சந்தோஷமாகக் கையை ஆட்டின.

முதல் வளைவுக்கு முன்னால் ஒரு நேர்சாலையும் சிறுபாலமும் இருக்கிறது. திடீரென்று பிரேக் அடித்தால் அந்தச் சக்கரம் அங்கேயே கழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவரை முந்தி நூற்றைம்பது அடி முன்னால் போய், ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சாலை நடுவில் நின்றேன். ரேடியோவை ஓரத்துக்குத் தள்ளினேன், அவள் மறுபடி வந்து என் பக்கத்திலேயே நின்றாள். கார் மெதுவாக வந்து ஒரு முழம் தூரத்தில் நின்றது. இடித்துவிடுவாரோ என்று பயம் வந்ததா என்று ஆய்வாளர் கேட்டார். வரவில்லை. பிடித்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது.

இறங்குங்கள் என்று கெஞ்சினேன். அவர் பின்னால் எடுத்து, சுற்றிக்கொண்டு போக ரிவர்ஸ் கியர் போட்டார். நான் பாதி திறந்திருந்த ஜன்னலில் கையை விட்டு எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினேன். அவர் இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் சாவியைப் பாலத்துக்குக் கீழே நாணலுக்குள் எறிந்தேன். பதற்றத்தில் கை தவறி விழுந்தது என்று எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம், யோசித்துத்தான் எறிந்தேன்.

ரிங்கை எடுத்துக் காட்டினேன். "உங்க கடைல இந்த மாதிரி நூறு கெடக்கும். இது என் வண்டியோடதுன்னு எப்படி நம்பறது?" என்றார். அதற்குள் இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கி ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. அவர் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்து, மகனும் பட்டறைக்காரியும் சேர்ந்து தன்னை வழிமறித்துவிட்டதாகப் புகார் சொன்னார். அடிவாரச் சாவடியிலிருந்து போக்குவரத்துக் காவலர் ஐந்து நிமிடத்தில் வந்தார். எல்லாம் பிறகு பேசலாம், முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள் என்றார். சாவி இல்லையே என்று நான் நிம்மதியாக இருந்தேன். அப்போது அளவையரின் மனைவி கைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

நான் காவலரிடம், "சார், ஓரம் கட்டட்டும், நான் தடுக்கல. ஆனா உள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது, குழந்தைங்களயாவது இறக்கிடுங்க" என்று கைகூப்பினேன். காவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் இறங்கச் சொன்னார். மகளும் குழந்தைகளும் இறங்கினார்கள், மனைவியும் இறங்கினார். அளவையர் மட்டும் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். மீட்டரில் அப்போது நான்கு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடக்கும் வேகத்தில் நகர்த்தினார். சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. மடக்கென்று ஒரு சத்தம். முன்பக்க இடது சக்கரம் கணுக்கால் பிசகிய கால் மாதிரி வெளிப்பக்கமாக மடங்கிப் படுத்தது, வண்டி அந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தது. ஹார்ன் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அதன் பிறகு ரேடியோ, "சொன்னோம்ல! சொன்னோம்ல!" என்று நடுச்சாலையில் குதித்தாள். நின்றிருந்த லாரிக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்கும் அந்த நேரத்தில் வந்தது சந்தோஷம்தான். ஒருவருடைய வண்டி உடைந்து கிடக்கும்போது வரக்கூடாத அளவு சந்தோஷம். ரேடியோவின் முதுகில் ஒரு அடி கொடுத்து நிறுத்தினேன், ஆனால் நானும் சிரித்துக்கொண்டுதான் அடித்தேன்.

அளவையரின் மகள் வண்டியைப் பார்க்கவில்லை. மேலே மலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்த வளைவுகளை அண்ணாந்து பார்த்தார், குழந்தைகள் இரண்டின் கையையும் வலிக்கும்படி பிடித்திருந்தார், சின்னது "வலிக்குதும்மா" என்றது. அளவையர் வெகுநேரம் இறங்கவில்லை. காவலர் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் இறங்கினார். குனிந்து மடங்கிய சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார், நான் ரிங்கின் பாதியைக் கொடுத்தேன். மூட்டின் குழிக்குள் விரலை விட்டு மீதிப் பாதியைத் தேடி எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

புகார் பதிவாகிவிட்டதால் எல்லோரும் காவல் நிலையத்துக்கு வந்தோம். மகனும் வந்து சேர்ந்தார். பொய் சொல்லத் தூண்டியதாக அவர் மீது புகார் கொடுக்கிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. அவர் வெளியே பெஞ்சில் தன் அப்பாவிடம், "நான் பொய்னு நெனச்சுத்தாம்ப்பா சொல்லச் சொன்னேன்" என்று சொன்னதும், அதற்கு அவர், "உனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நான் எப்பவும் சொல்றதுதானே" என்று சொன்னதும் என் காதில் விழுந்தன.

பழைய வண்டியை நம்பலாமா கூடாதா என்று ஆய்வாளர் கேட்டார். மீட்டரைப் பார்த்து நம்புவதும் தப்பு, மீட்டரைப் பார்த்துச் சந்தேகப்படுவதும் தப்பு, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அதன் பிறகு எழுத்தர் தன் சொந்த வண்டியில் வரும் சத்தத்தைப் பற்றிக் கேட்டது இதில் சேர்க்கப்படவில்லை. இன்றைக்குச் செய்ததில் எதற்காவது வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். சாவியை எறிந்ததற்கு இல்லை. வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கியதற்கு வருந்துகிறேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அளவையர் அறை வாசலில் வந்து நின்றார். "சார், அந்தம்மாவ எப்ப விடுவீங்க? வண்டியத் தூக்க கிரேன் வந்துடுச்சாம். அவங்க இல்லாம வேற யாரும் என் வண்டியத் தொடக் கூடாது" என்றார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். "அது அப்புறம் சார். மொதல்ல வண்டி" என்றார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'பின்தொடர்ந்தேன்' என்று இருந்ததை 'விரட்டினேன்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றபடி நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, பயந்தும் சொல்லவில்லை. கிரேன் வந்துவிட்டதால் இத்துடன் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பட்டறை உரிமையாளர்

உடனிருந்து கேட்டேன், எல்லாம் உண்மை. அண்ணி சொல்ல விட்டது, மணல் லாரிக்காரனை நான் திட்டியது மட்டும்.
(ஒப்பம்)
நாத்தனார்